கழிவு நீரில் கலந்த வெள்ளி

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் மொழி. பொருளை வீணாக்காதே என்பதே அதன் கருத்தாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் ஆறு தாங்கக்கூடிய அளவு ஒன்று உண்டு என்று நினைத்துப் பார்த்தால், அம்மொழிக்கு மற்றொரு கருத்தும் புலனாகும். புகைப்படக் கழிவிலுள்ள வெள்ளியைப் பற்றிய சட்ட விதிகள் இவ்விரு கருத்துக்களையும் ஒருங்கே தழுவி நிற்கின்றன.

வெள்ளி அக்கழிவிலே சேர்வது எவ்வாறு? பிலிமின் மீது, ஜெலட்டின் பசையில், வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்கள் பரவியிருக்கின்றன. ஒளி பட்ட துகள்கள் 'டெவலப்பர்' எனும் கரைசலில் கரிய வெள்ளி உலோகமாக மாறி உருவத்தைக் காட்டுகின்றன. ஒளி படாத துகள்கள் அப்படியே எஞ்சும். அவற்றை நீக்காவிடில் படம் நாளடைவில் கறுத்துவிடும். அவற்றைக் கரைத்து நீக்குவது 'ஹைப்போ' என வழங்கும் சோடியம் தயோசல்பேட்டு. அதற்கு வெள்ளி உப்பைக் கரைக்கும் ஆற்றல் உண்டு என்பதை ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில அறிஞர் 1819ஆம் ஆண்டிலேயே கண்டார். எனவே, பயன்படுத்திய ஹைப்போவில் லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி கரைந்திருப்பது இயல்பேயாகும்.

அதனைச் சாக்கடையில் கொட்டினால் என்ன கேடு? மனிதனுக்கு வெள்ளியால் நேரும் தீங்கு பெரிதன்று. நெடுங்காலம் மிகுதியாக உட்கொண்டோரின் தோல் சாம்பல் கலந்த நீலநிறம் பெறும். மீனின் நிலை வேறு. நன்னீர் மீன் தனக்கு வேண்டிய சோடியத்தைச் செவுள் வழியே நீரிலிருந்து ஈர்த்துக்கொள்கிறது. தனித்த வெள்ளி அயனி அவ்வழியை அடைத்துவிடுகிறது. லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் அளவே சில மீன்களைக் கொல்லப் போதுமானது. ஹைப்போவில் வெள்ளி தனித்து நிற்பதில்லை, தயோசல்பேட்டோடு பிணைந்திருக்கிறது. சாக்கடையில் அது கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாகிறது. நச்சுத்தன்மையும் வெகுவாகக் குறைகிறது. ஆயினும் உலோகம் அழிவதில்லை, கசடில் தங்கிவிடுகிறது.

வெள்ளியை மீட்கும் வழிகள் பல. அவற்றுள் இரண்டு பெரிதும் கையாளப்படுபவை. ஒன்று மின்பகுப்பு: கரைசலில் மின்சாரம் செலுத்தினால் எதிர்மின் தகட்டில் வெள்ளி படியும். மின்னோட்டம் மிகுந்தால் ஹைப்போ சிதைந்து, கருநிறச் சல்பைடு தோன்றும். மற்றொன்று, மெல்லிய இரும்பு நார் அடைத்த கலத்தின் வழியே கரைசலைச் செலுத்துவது. இரும்பு கரைந்து செல்ல, அதன் இடத்தில் வெள்ளி தங்கும்.

மாணவர்களே, இங்கே ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 5 கிராம், அதாவது 5,000 மில்லிகிராம், வெள்ளி இருப்பதாகக் கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மீட்டால் எஞ்சுவது 500 மில்லிகிராம். தொண்ணூற்றொன்பது பங்கு மீட்டால் 50 மில்லிகிராம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1976ஆம் ஆண்டின் கழிவுச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளோ, குறித்த சோதனையில் லிட்டருக்கு 5 மில்லிகிராமும் அதற்கு மேலும் வெள்ளி காணப்படும் கழிவை அபாயக் கழிவு என்று வகுக்கின்றன. முதல் தொண்ணூறு பங்கை எவரும் ஏவாமலே ஆசை எடுத்துவிடும்; அது விலையுள்ள பொருள். எஞ்சியதை எடுக்கும் செலவு அதன் விலையை விஞ்சும். ஆசை நின்றுவிடும் அந்த இடத்திலேதான் சட்டத்தின் வேலை தொடங்குகிறது.

சட்டம் ஆசையை முற்றும் பகைப்பதுமில்லை. அதே விதிகள், விலையுயர்ந்த உலோகத்தை மீட்பதற்காகக் கழிவைச் சேர்ப்போருக்குச் சில கட்டுப்பாடுகளைத் தளர்த்துகின்றன. ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் இருப்பு எவ்வளவு, இடையில் சேர்ந்தது எவ்வளவு, முடிவில் எஞ்சியது எவ்வளவு என்ற கணக்கைக் காட்டி, கழிவை வீணே குவித்து வைக்கவில்லை என்று அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள், எக்ஸ்ரே பிலிம் கழுவிய வெள்ளிக் கரைசலை மஞ்சள் வகையில் சேர்த்துள்ளன. அவற்றின்படி முதலில் பயனுள்ள பொருளை மீட்க வேண்டும். பின்னர்க் கழிவைப் பக்குவம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகே ஏனைய கழிவு நீருடன் கலக்கலாம்.

எண்முறைப் படக் கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில் பிலிம் கழுவும் தொழில் மிகவும் சுருங்கிவிட்டது. அதனால் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. நாளொன்றுக்கு நூறு லிட்டர் கழிக்கும் நிலையத்துக்கு மீட்புக் கலம் இலாபம் தரும். வாரத்துக்கு இரண்டு லிட்டர் கழிக்கும் சிறு கூடத்துக்கு அது செலவாகவே தோன்றும். அங்கே அளவு சிறியது. கொட்டிவிடும் எண்ணமோ பெரியது. அத்தகைய சிறு கூடங்கள் தம் கழிவை மூடிய கலங்களில் சேர்த்துவைத்து, உரிய உரிமம் பெற்ற மீட்பாளரிடம் ஒப்படைப்பதே தக்க வழி. அளந்து பார்ப்போருக்கே, தாம் ஆற்றில் விடுவது எவ்வளவு என்பது தெரியும்.