சத்தத்தைக் கூட்டியது யாரு?

“அப்பா... கையை எடுங்கப்பா!”

“நான் எங்கேடா கை வெச்சேன்? என் கை ரெண்டும் முறுக்குப் பொட்டலத்துல இருக்கு!”

தாம்பரத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்கு நாங்கள் காரில் போகும்போதெல்லாம் இந்த வசனம் தவறாமல் வரும். விஷயம் இதுதான்... பாடிக்கொண்டிருக்கும் ஸ்டீரியோ, யாரும் தொடாமலே திடீர் திடீரென்று சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். அப்பாவுக்கு 72 வயசு. காது கொஞ்சம் மந்தம். உட்காருவது முன் சீட்டு. வால்யூம் திருகு அவர் கைக்கெட்டும் தூரத்தில். வேறென்ன சாட்சி வேண்டும்?

நான் பி.காம். எங்கள் ஜாதிக்குக் கணக்கு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது. டிரையல் பேலன்ஸில் இரண்டு பக்கமும் ஒத்துப் போகவில்லை என்றால், தப்பு எங்கே என்று தெரிகிறவரை அந்த வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று ஒரு தலைப்பில் தள்ளி வைப்போம். எங்கள் காரில் அந்த சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டுக்குப் பேர், அப்பா!

ஒரு நாள் மதுராந்தகம் தாண்டி, டீ குடிக்கலாம் என்று ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். முனகிக்கொண்டிருந்த பாட்டு ஒரே தாவாக அலறியது. பதறிப்போய் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். பின்னால் வந்த லாரி ஒரு சாண் இடைவெளியில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார். பின் சீட்டில் பையன் வீறிட்டு அழுகிறான். அந்த ஆத்திரத்தில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்... “காது கேக்கலைன்னா மிஷின் வாங்கி மாட்டிக்கங்க. எங்க உயிரை வாங்காதீங்க!”

அப்பா பதில் பேசவில்லை. முறுக்குப் பொட்டலத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். உளுந்தூர்பேட்டை வரைக்கும் அந்தப் பொட்டலம் பிரியவே இல்லை.

அடுத்த மாசம் அத்தை வீட்டு விசேஷம். “நீங்க கார்ல வாங்க. நான் பஸ் ஏறிக்கறேன்” என்றார். முழங்கால் வலியோடு பஸ் படி ஏறிப் போன அவரைப் பற்றி என் மனைவி ஒரே வரிதான் சொன்னாள். “ஏங்க, மாமாதான் திருகறார்னு நீங்க ஒரு தடவையாவது கண்ணால பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. அதுதான் நிஜம்.

அன்றைக்கு அப்பா இல்லாத காரில், பரனூர் டோல்கேட் தாண்டியதும் சத்தம் மெள்ள ஏறியது. எனக்குக் கை கால் உதறல்!

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். செட்டைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. “போர்டு போயிருக்கும் சார். புது செட் மாத்திடுங்க. 18,000” என்றார் கடைக்காரர். வவுச்சர் பார்க்காமல் பணம் கொடுப்பவன் காமர்ஸ் கிராஜுவேட்டா? திரும்பி வந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடம், வேகம், பாட்டு எங்கிருந்து வருகிறது, ஸ்டீயரிங் நேரா, திரும்பியிருந்ததா, டிஸ்ப்ளேயில் வால்யூம் நம்பர் மாறியதா என்று கோடு போட்டேன். கடைசியாக ஒரு காலம்: ‘அப்பா உண்டா, இல்லையா?’

முதலில் பாட்டின் மேல் சந்தேகம். பழைய பாட்டுகளை மெதுவாகவும் புதுப் பாட்டுகளை ஓங்கியும் பதிந்து வைத்திருப்பார்கள். ஒன்று முடிந்து இன்னொன்று வரும்போது சத்தம் தூக்கிப் போடும். செல்போனை புளூடூத்தில் இணைத்தால் போனுக்கு ஒரு வால்யூம், செட்டுக்கு ஒரு வால்யூம் என்று இரட்டை ஆட்சி வேறு. வழி சொல்லும் மேப் அம்மா வாய் திறந்தால் பாட்டு தணியும். ரிவர்ஸ் கியர் போட்டதும் பல கார்களில் அப்படித்தான். அதெல்லாம் கோளாறு இல்லை, ஏற்பாடு. ஆகவே பென் டிரைவில் ஒரே ஒரு பாட்டை மட்டும் வைத்துத் திரும்பத் திரும்ப ஓட விட்டேன். (அந்தப் பாட்டை இனி என் மனைவி ஆயுசுக்கும் கேட்க மாட்டாள்!) அப்போதும் சத்தம் ஏறியது. பாட்டு நிரபராதி.

இரண்டாவது, திருகு. இப்போதைய செட்களில் அது எவ்வளவு திருகினாலும் முடிவில்லாமல் சுற்றும். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன கான்டாக்ட்கள் ‘டிக் டிக்’ என்று எண்ணிச் சொல்ல, செட் வால்யூமை மாற்றுகிறது. தூசி படிந்தாலோ தேய்ந்தாலோ எண்ணிக்கை தப்பும். குறைக்கத் திருகினால் கூடும், இரண்டு தாண்டி மூன்று தாவும். ஆனால் இந்தக் கோளாறு பெரும்பாலும் திருகைத் தொடும்போதுதான் தலைகாட்டும். நான் இருபது தடவை திருகிப் பார்த்தேன். தங்கமாக நடந்துகொண்டது.

மூன்று வாரத்தில் நோட்டில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. வித்தியாசம் ஒன்றல்ல, இரண்டு! சில நேரம் சத்தம் மெள்ள ஏறுகிறது. நம்பர் 14-லேயே நிற்கிறது. சில நேரம் குபீர் என்று தாவுகிறது. நம்பரும் 22, 23 என்று ஏறுகிறது.

நம்பர் மாறாத கேஸ் எல்லாமே ஹைவேயில், 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல். செட்டின் மெனுவைக் குடைந்தேன். ‘ஸ்பீடு வால்யூம்’ என்று ஒரு சமாசாரம் ‘ஹை’யில் உட்கார்ந்திருந்தது. வேகம் கூடினால் காற்றின் இரைச்சலும் டயர் இரைச்சலும் கூடும். அதற்கு ஈடாக செட் தானே சத்தத்தை ஏற்றும். வேகம் குறைந்தால் இறக்கும். செகண்ட் ஹேண்ட் கார்... பழைய ஓனர் வைத்துவிட்டுப் போன சீதனம்! ‘ஆஃப்’ செய்தேன். பாதிக் கணக்கு டேலி.

நம்பர் மாறுகிற கேஸ் எல்லாம் ஸ்டீயரிங் இடது பக்கம் திரும்பும்போது. நம்பர் மாறுகிறது என்றால் யாரோ ‘கூட்டு’ என்று உத்தரவு போடுகிறார்கள் என்று அர்த்தம். திருகு இல்லை. அப்பா இல்லை. பாக்கி, ஸ்டீயரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலிலேயே இன்ஜினை ஓட விட்டு, ஸ்டீயரிங்கை மெள்ள இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினேன். இடது பக்கம் முக்கால் சுற்றில்... 14, 17, 22! பாட்டு தெருவையே எழுப்பியது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா மாடி பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதே இடத்தில் ஹாரனை அமுக்கினேன். ஊமை!

எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். “பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க சார். கிளாக் ஸ்பிரிங் போயிருக்கு.” ஸ்டீயரிங் சுற்றும்போது உள்ளே ஒயர் முறுக்கிக்கொள்ளக் கூடாதே என்று, கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டி வைத்த ஒரு பட்டை கேபிள். எங்கள் கார் மாதிரி பல கார்களில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ் அளவு உண்டு. அந்த அளவை வைத்துத்தான் எந்த பட்டன் என்று செட் கண்டுபிடிக்கிறது. கேபிள் விரிசல் விட்டால் அளவு தப்பாகி, அமுக்காத பட்டனை அமுக்கியதாக செட் நினைத்துக்கொள்ளும்.

“சார், ஹாரன் போறதும் இது வழியாத்தான். டிரைவர் ஏர்பேக்குக்குப் போற கனெக்‌ஷனும் இது வழியாத்தான்.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது அறுந்திருந்தால் ஆபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமலே போயிருக்கலாம். கார் இத்தனை நாள் சத்தம் போட்டே சொல்லியிருக்கிறது. நான்தான் வேறு ஒருத்தரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கை நாமே ஸ்குரூ டிரைவரோடு திறக்கிற வீர விளையாட்டு வேண்டாம். அவர் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, அப்புறம்தான் கை வைத்தார். பார்ட்ஸும் கூலியும் சேர்த்து 3,800 ரூபாய். 18,000 கொடுத்துப் புது செட் மாட்டியிருந்தால், அதுவும் அதே பட்டனின் பேச்சைக் கேட்டு அலறியிருக்கும்!

சாயங்காலம் அப்பாவிடம் நோட்டை நீட்டினேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். ‘அப்பா உண்டா, இல்லையா?’ காலத்தில் கொஞ்ச நேரம் கண் நின்றது.

“அப்பா... தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கங்க.”

“விடுடா” என்றார். அவ்வளவுதான்.

போன மாசம் மறுபடி ஊருக்குப் புறப்பட்டோம். கேட்காமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். விக்கிரவாண்டி தாண்டியதும் முறுக்குப் பொட்டலம் பிரிந்தது. ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“டேய்... அந்த நோட்டுல ஒரு என்ட்ரி விட்டுப்போச்சு. ஒரே ஒரு தடவை, டி.எம்.எஸ். பாட்டு வந்தப்போ, நான்தான் கொஞ்சம் கூட்டினேன்!”