கோட்டைக்குள் எல்லோருக்கும் இடம்

மட்டக்களப்பில் தொல்லியல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நூதனசாலை அல்ல. வயலோரத்தில் திடீரென முளைக்கும் தொல்பொருள் திணைக்களப் பலகைதான். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்காக ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, முதலில் அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. பழம்பொருள் கிடைத்தால் காணி போய்விடும் என்று அஞ்சுகிற ஊரில், பிள்ளைகளைத் தொல்லியலுக்கு எப்படி அழைப்பது?

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக் கோட்டையிலிருந்து தொடங்கலாம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது; 1638 மே மாதம் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் பிடித்தது; பின்னர் ஆங்கிலேயர் கைக்குப் போய், நெடுங்காலம் கச்சேரியாக இருந்தது. காணி அலுவலாக அந்த வாசலைக் கடந்தவர்களில் எத்தனை பேருக்கு, மேலே பின்னிக் கிடக்கும் ஒல்லாந்தக் கம்பனியின் மூன்று எழுத்துகளை வாசித்துக் காட்டியிருப்போம்?

ஆண்டுகளைப் பலகையில் எழுதிவைத்தால் மாணவர் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியர் இன்றும் இந்நகரில் வாழ்கிறார்கள். அவர்கள் கோட்டை முற்றத்தில் தங்கள் பாட்டைப் பாடி ஆடட்டும். 1638இன் கதையை ஓர் அண்ணாவியார் கூத்தாகக் கட்டட்டும்.

காத்தான்குடியில் 2015இல் திறந்த பூர்வீக நூதனசாலை, முஸ்லிம்களின் பழைய வாழ்வை ஆளுயர உருவங்களால் காட்ட முனைந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் சமூகத்துக்கு ஒரு நூதனசாலை என்று பிரித்துக்கொண்டால், பகிர்ந்து வாழ்ந்ததை எங்கே காட்டுவது? தாய்வழிக் குடிமுறை இங்கே தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. அதை ஒரே கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால், இரண்டு வீட்டுப் பாட்டிமாரும் அதன் முன் நின்று விளக்கம் சொல்வார்கள்.

கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இருக்கின்றன. அந்த இடத்தை ஊர் ‘குரங்கு படையெடுத்த வேம்பு’ என்கிறது. ஊர்க்கதையைத் தள்ளிவிடாமல், ஆய்வாளர் சொல்வதையும் பக்கத்தில் மும்மொழியிலும் எழுதலாம். “இது எப்படித் தெரியும்?” என்று பிள்ளை கேட்டால், சான்றைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கு ஓர் உதாரணம்: தமிழ்நாட்டின் கீழடியில் பானை ஓடுகளில் ‘ஆதன்’ போன்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. உடைந்த சட்டி ஓட்டில் தன் பெயரைக் கீறிப் பார்த்த பிள்ளைக்கு, ஒரு பெயர் எப்படிச் சான்றாகிறது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

செலவும் பெரிதில்லை. படுவான்கரைப் பள்ளிக்கூடங்கள் பஸ் பிடித்துக் கோட்டைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பெட்டியில் மாதிரி ஓடுகள், ஒரு வரைபடம், கூடவே கேள்வி கேட்கவிடும் ஆசிரியர் ஒருவர்: இவ்வளவும் அங்குள்ள கொக்கட்டிச்சோலைக்குப் போனால், அன்றைக்கு நூதனசாலை அங்கேதான்.