பழைய மாருதி 800 வாங்குமுன்...

2025-ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரமனையில் குடியிருக்கும் நம் அன்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, ஒரு மாருதி 800 வந்திருக்கு. 2006 மாடல். 55 ஆயிரம் சொல்றாங்க. நீங்க ஒரு பார்வை பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்றார். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பம். வயதான தாயாரை வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். சீட்டு எடுத்த பணம் 60 ஆயிரம் கையில் இருந்தது. அதற்கு மேல் வழியில்லை.

ரயில்வேயில் பெட்டிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் முப்பத்தைந்து வருடம் கழித்தவன் நான். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே விரிசலை அறிவது எங்கள் பழக்கம். காரைப் பார்த்தாலும் கை முதலில் அடிப்பாகத்துக்குத்தான் போகிறது.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்த வண்டி இது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். 2000-ஆம் ஆண்டுவாக்கில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. எஞ்சின் லேசில் சாகாது. சாவது தகடுதான்.

திருவனந்தபுரத்தில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், போதாததற்குக் கடற்காற்று. கதவு ரப்பர் தளர்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, தரைவிரிப்புக்கு அடியில் தங்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வண்டியில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்து மேட்டை விலக்கி ஸ்குரூடிரைவரால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி உள்ளே போயிற்று. பின்சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் இடம், முன் சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் ஆகியவற்றையும் இப்படியே பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது அரித்திருந்தால் பேரமே பேச வேண்டாம். என்னுடைய 2003 மாடலுக்குத் தரைத்தகடு வெட்டி ஒட்ட மட்டும் 18 ஆயிரம் ஆயிற்று.

அடுத்தது சூடு. வண்டி ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் துருநிறமாக இருந்தால் கூலன்ட் ஊற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். ஆயில் மூடிக்கு அடியில் பால் ஏடு போல் படிந்திருந்தால், ஹெட் காஸ்கெட் போயிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது. இதன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அளவு மீறிச் சூடேறினால் வளைந்துவிடும். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் நானே ஒரு தடவை பாலராமபுரம் தாண்டி முள் ஏறியதைக் கவனியாமல் ஓட்டி, 9 ஆயிரம் கொடுத்தேன். வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டினால் 'டக் டக்' என்று கேட்கிறதா? முன் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அதை மூடும் ரப்பர் பூட் கிழிந்தவுடன் மாற்றினால் சில நூறு ரூபாய், விட்டால் ஆயிரக்கணக்கில். பெட்ரோல் ஹோஸையும் விரலால் வளைத்துப் பாருங்கள். இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ரப்பர் அல்ல அது. வெடிப்பு இருந்தால் அன்றே மாற்றுங்கள், தீ விஷயம்.

காகிதச் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். 15 ஆண்டு கடந்தவற்றின் வரியைக் கேரள அரசும் 2025 பட்ஜெட்டில் 50 சதவீதம் உயர்த்தியது. நாம் பார்த்த வண்டிக்குப் பதிவு 2026-ல் முடிகிறது, அதாவது சரியாக 20 ஆண்டு! ஊரிலிருந்து டி.என். வண்டி கொண்டுவருவோர் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

தகடு, டயர், பதிவு, வரி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தோம். 55 ஆயிரம் வண்டி ஒரு லட்சத்தை நெருங்கியது. அன்பர் முகம் வாடிவிட்டது.

"பெயின்ட் புதுசா இருந்துச்சே, அண்ணாச்சி?"

"அதுதாம்ப்பா எனக்குச் சந்தேகம்."

இப்போது தெருக்கோடி ஆட்டோக்காரர் மாதக் கணக்கில் தாயாரை அழைத்துப் போகிறார். பணம் பாங்கில் இருக்கிறது. தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். 2012-க்குப் பிந்திய, ஒரே கையில் ஓடிய 800 யாரிடமாவது இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். ஸ்குரூடிரைவரோடு நானும் வருவேன்.