இரும்பு வெட்டும் கம்ப்யூட்டர் மேஜை... உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யலாமா?

உழவு மும்முரமாக ஓடும் நேரத்தில் கல்டிவேட்டரின் பிராக்கெட் ஒன்று விரிசல் விட்டால், அன்றைய பொழுது அதோடு போச்சு. டவுனுக்குப் போனால் அதே அளவில் பிளேட் கிடைக்காது. கிடைத்தாலும் துளை பொருந்தாது. கேஸ் கட்டிங்கில் அறுத்தால் விளிம்பு கரடுமுரடாகி, அரை நாள் கிரைண்டர் பிடிக்க வேண்டும். லேசரில் வெட்டும் கம்பெனியில் வேலை சுத்தமாக இருக்கும். ஆனால், ஒன்றிரண்டு துண்டுக்காக அங்கே காத்திருப்பதற்குள் நிலத்தில் ஈரம் காய்ந்துவிடும். இந்த அவசரத்துக்குத்தான் ‘பிளாஸ்மா கட்டிங் மேஜை’ கைகொடுக்கிறது. வாங்கினால் விலை அதிகம் என்பதால், உலகம் முழுக்க சிறு பட்டறைக்காரர்களும் விவசாயிகளும் இதைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

அதில் பலருக்கும் தெரிந்த பெயர், மார்சின் ஜகுபோவ்ஸ்கி. போலந்தில் பிறந்து, அமெரிக்காவில் அணுக்கரு இணைவு ஆற்றலில் முனைவர் பட்டம் பெற்றவர். படித்து முடித்ததும் மிசௌரி மாநிலத்தில் பண்ணை வைத்தார். வாங்கிய டிராக்டர் உடைந்தது. காசு கொடுத்துச் சரிசெய்தார். மறுபடியும் உடைந்தது. சீக்கிரமே கையிருப்பும் கரைந்தது. அதன் பிறகு, பண்ணைக்கும் கிராமத்துக்கும் தேவையான 50 இயந்திரங்களைப் பட்டியல் போட்டு, அவற்றின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடும் வேலையில் இறங்கினார். 2003-ல் அவர் தொடங்கிய ‘ஓப்பன் சோர்ஸ் எக்காலஜி’ அமைப்பின் அந்தப் பட்டியலில் டிராக்டர், மண்கல் அச்சு இயந்திரம் ஆகியவற்றோடு கம்ப்யூட்டர் வெட்டுமேஜையும் இருக்கிறது. மற்ற இயந்திரங்களுக்கு வேண்டிய பிளேட்டுகளை வெட்ட அது வேண்டுமே!

எப்படி வேலை செய்கிறது?

டார்ச்சின் முனையில் இருக்கும் சிறு துளை வழியாக அழுத்தக் காற்று பாய்கிறது. அதற்குள் மின்வில் பற்றியதும் காற்று 20,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, இரும்பை உருக்கி அடியில் ஊதித் தள்ளுகிறது. கேஸ் கட்டிங் சாதாரண இரும்பை மட்டுமே அறுக்கும். இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் எதையும் வெட்டும். 40 ஆம்பியர் மெஷின் 6 எம்.எம். இரும்பு பிளேட்டை நிமிடத்துக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் வெட்டிவிடும். இந்த டார்ச்சைக் கையில் பிடிக்காமல், மோட்டார் ஓட்டும் சட்டத்தில் மாட்டிவிட்டால் அதுதான் மேஜை.

சட்டம் செய்வது வெல்டிங் தெரிந்தவருக்குப் பெரிய வித்தை இல்லை. டார்ச் இரும்பைத் தொடுவதே இல்லை என்பதால், லேத் மாதிரி கனமான உடம்பு தேவையில்லை. ஆனால், ஆடக் கூடாது. சதுர பைப்பில் அடிச்சட்டம், அதன் இரு பக்கமும் லீனியர் ரயில், மேலே குறுக்கே ஓடும் பாலம், பாலத்தின் இரு முனைக்கும் தனித்தனி ஸ்டெப்பர் மோட்டார், பற்சட்டமும் பற்சக்கரமும். இவ்வளவுதான். குறுக்கு மூலைகள் இரண்டையும் டேப் வைத்து அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். இதில் 2 எம்.எம். பிசகினால், வெட்டும் ஒவ்வொரு துண்டும் கோணலாகத்தான் வரும். 8-க்கு 4 அடி பிளேட் 6 எம்.எம். கனத்தில் 140 கிலோ இருக்கும். அடிச்சட்டம் தாங்க வேண்டிய எடை அது.

மோட்டாரை ஓட்ட ‘லினக்ஸ்சிஎன்சி’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் 1990-களில் தொடங்கிய வேலை அது. பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர்கூடப் போதும். படம் வரைய ஃப்ரீகேட், இங்க்ஸ்கேப் ஆகியவையும் இலவசம். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இந்தப் பகுதியை ஒரே மாதத்தில் கரைத்துக் குடித்துவிடுவார்கள்.

சிக்கலே உயரத்தில்தான்

முதல் முறை செய்பவர்கள் மோட்டாரையும் கம்ப்யூட்டரையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் பணத்தைத் தின்பது வேறு. டார்ச் முனைக்கும் பிளேட்டுக்கும் நடுவே வெட்டும்போது ஏறக்குறைய 1.5 எம்.எம். இடைவெளிதான் இருக்க வேண்டும். பிளேட்டோ சூட்டில் அப்பளம் மாதிரி வளையும். முனை இடித்தால் நாசில் காலி. விலகினால் வெட்டு சரிந்துபோகும். அதனால்தான் உயரக் கட்டுப்பாட்டுக் கருவி அவசியம். இடைவெளி கூடினால் மின்வில்லின் வோல்ட்டேஜ் கூடும், குறைந்தால் குறையும். அதை அளந்து டார்ச்சை ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. இந்த வோல்ட்டேஜை நேரடியாக கம்ப்யூட்டர் போர்டில் இணைக்கவே கூடாது. வெட்டும்போது 100 வோல்ட் அளவில் இருப்பது, வில் பற்றாத நேரத்தில் 200 வோல்ட்டுக்கு மேல் போகும். போர்டும் போகும், ஆளுக்கும் ஆபத்து. வோல்ட்டேஜைப் பிரித்துக் குறைக்கும் போர்டு வைத்தே எடுக்க வேண்டும்.

மூலைகளில் சட்டம் வேகம் குறையும்போதும் வோல்ட்டேஜ் மாறும். கருவி ஏமாந்து டார்ச்சைக் குத்திவிடும். அந்த இடங்களில் உயரக் கட்டுப்பாட்டை நிறுத்தி வைக்க மென்பொருளில் வழி இருக்கிறது. அதேபோல, துளையிடும் நேரத்தில் டார்ச் சற்று உயரமாக நின்று துளைத்த பிறகே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் தெறிக்கும் இரும்புக் குழம்பு நாசிலை அடைத்துவிடும்.

பிளாஸ்மா மெஷின் வாங்கும்போது இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். விலை குறைந்த பல மெஷின்கள் ‘ஹை ஃப்ரீக்வன்சி’ முறையில் வில்லைப் பற்ற வைக்கும். அந்த மின் இரைச்சலில் கம்ப்யூட்டர் நின்றுபோகும், மோட்டார் தடம் மாறும். காற்றழுத்தத்தால் முனை விலகிப் பற்றும் ‘பைலட் ஆர்க்’ வகை மேஜைக்கு ஏற்றது. சட்டத்துக்கு நல்ல எர்த் கம்பி தனியாகப் போட வேண்டும்.

காற்றும் கரண்டும்

காற்றில் ஈரம் இருந்தால் எலெக்ட்ரோடு சீக்கிரம் தேயும். மழைக்காலத்தில் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் நிற்பது எல்லோரும் அறிந்தது. தினமும் வடித்துவிட்டு, குழாயில் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் வைக்க வேண்டும். எலெக்ட்ரோடின் நடுவில் இருக்கும் ஹாஃப்னியம் பொட்டு 1 எம்.எம். குழிந்தாலே மாற்றிவிடுவது லாபம். கஞ்சத்தனம் பார்த்தால் நாசிலும் சேர்ந்து போகும்.

40 ஆம்பியர், 100 வோல்ட் என்றால் வில்லுக்கே 4 கிலோவாட். 3 ஹெச்.பி. கம்ப்ரஸருக்கு இன்னும் 2 கிலோவாட்டுக்கு மேல். வீட்டு லைனில் இது ஓடாது. பம்ப்செட்டின் இலவச மின்சாரத்தில் ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், கேட்க வேண்டாம். கொடுத்த காரணத்துக்கு அல்லாமல் வேறு வேலைக்கு மின்சாரம் எடுப்பது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ம் பிரிவில் சிக்கும். விவசாய இணைப்பையே ஆபத்தில் தள்ளும் வேலை அது. பட்டறைக்கென்று தனி இணைப்பு வாங்கியே ஆக வேண்டும்.

பிளேட்டுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி வைத்தால் புகையும் தூசியும் அடங்கும். ஆனால், தண்ணீர் மேல் அலுமினியம் வெட்டினால் ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கும் அபாயம் உண்டு. ஜி.ஐ. தகட்டை வெட்டும் புகை காய்ச்சலைக் கொடுக்கும். காலி டீசல் பேரல், மருந்து டின் எதையும் மேஜையில் ஏற்றவே கூடாது. 40 ஆம்பியர் வரை 5-ம் எண் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் கண்ணுக்கும் அதே ஆபத்துதான்.

எதை வெட்டலாம்?

பிராக்கெட், ஃபிளாஞ்ச், களைக்கருவியின் கைப்பிடித் தகடு, விதைப்பானின் பல்தட்டு, கேட் பூவேலை... இவற்றுக்கெல்லாம் மேஜை அருமை. கொழுவும் ரோட்டவேட்டர் பிளேடும் வேறு சங்கதி. வடிவம் அப்படியே வரும். ஆனால், சாதாரண எம்.எஸ். பிளேட்டில் வெட்டியது மண்ணில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அவற்றுக்கு போரான் ஸ்டீலும், பதமாகச் சூடேற்றிக் குளிர்விக்கும் வேலையும் தேவை. போல்ட் துளையையும் பிளாஸ்மாவில் முழுசாக வெட்டாமல், மையத்தை மட்டும் குறித்து டிரில் போடுவது நல்லது. பிளேட்டின் கனத்தைவிடச் சிறிய துளை எப்போதும் கூம்பாகத்தான் வரும். வெல்டிங் வைக்கும் முன் வெட்டு விளிம்பை லேசாக கிரைண்டரில் தேய்க்காவிட்டால், வெல்டில் குமிழி விழும்.

ஒரே ஒரு டிராக்டர் வைத்திருப்பவருக்கு இந்த மேஜை கட்டுப்படியாகாது. கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சட்டத்தையும் மோட்டாரையும் மட்டும் கூட்டுகிறார்கள்; பிளாஸ்மா மெஷின், கம்ப்ரஸர், மின் இணைப்பு மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். ஊர் வெல்டிங் பட்டறையோ, கருவி வாடகைக்கு விடும் உழவர் உற்பத்தியாளர் குழுவோ செய்தால் சுற்றுவட்டாரத்துக்கே உதவும்.

மேஜை தயாரானதும் முதலில் 100 எம்.எம். சதுரம் ஒன்றை, நடுவில் 30 எம்.எம். வட்டத்தோடு வெட்டிப் பார்க்க வேண்டும். வெளி விளிம்பைக் கடிகாரச் சுற்றிலும், உள் வட்டத்தை எதிர்ச் சுற்றிலும் ஓட்டினால்தான் நேரான பக்கம் துண்டில் நிற்கும். அடியில் கெட்டியான பிசிறு மெல்லிசாக ஒட்டியிருந்தால் வேகம் அதிகம். குமிழ் குமிழாகத் தட்டினால் உதிர்ந்தால் வேகம் குறைவு. வெர்னியர் வைத்து அளந்து, வெட்டுக்காயத்தின் அகலத்தை மென்பொருளில் திருத்திய பிறகே நல்ல பிளேட்டை ஏற்றலாம்.