அன்புடையாள் கிறெலோட்

மாணாக்கர் காப்பியங்களைக் கற்பதை விடுத்துக் கணினி விளையாட்டுகளிற் பொழுதைப் போக்குகின்றனர் என்று வருந்துவார் பலர். அவ்விளையாட்டுகளுள்ளும் கதைச்செறிவு உடையன உள என்பதை அவருட் சிலரே அறிவர். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பது அவற்றுள் ஒரு வகை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கைகாக்ஸ், ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டே இதற்கு முன்னோடி. ஆடுவோன் தானே கதைத்தலைவனாகி, செய்வதும் தவிர்வதும் தானே துணிவான். பெருங்கதை ஒருபுறம் நிற்க, வழியிற் கிளைக்கதைகள் பல எதிர்ப்படும். விரும்பிற் புகலாம், அன்றேல் கடந்து செல்லலாம்.

பெதெஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11 இல் வெளியிட்ட ‘ஸ்கைறிம்’ இவ்வகையிற் பெயர்பெற்றது. அதன் பெருங்கதையில் உலகை அழிக்க வரும் அல்டுயின் என்னும் டிராகன் பகைவனாவான். அவனைப் பற்றி நாம் ஈண்டு எழுதப் புகுந்திலோம். ஒரு கிளைக்கதையில் மட்டும் தோன்றி மறையும் முதியவள் ஒருத்தியே நம் பொருள். பெயர் கிறெலோட், அடைமொழியோ ‘அன்புடையாள்’. அணியிலக்கணம் கற்றோர் இதனை வஞ்சப்புகழ்ச்சி என்று உடனே கண்டுகொள்வர்.

றிஃப்டன் என்னும் நகரிலுள்ள அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு இவள் தலைவி. (நம் விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர் சிலர் இவ்விடத்தே புன்முறுவல் பூத்தல் கூடும், நாம் எவரையும் குறித்தோமல்லோம்.) நாம் உள்ளே நுழைகையில் அவள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, உங்களை விரும்புவார் எவருமிலர், தத்தெடுக்க ஒருவரும் வாரார், வயது வந்ததும் வெளியே தள்ளப்படுவீர் என்று உரைத்துக்கொண்டிருப்பாள். சிற்றறையொன்றின் சுவரில் விலங்குகள் பூட்டப்பட்டிருக்கும். அவை எதற்கென எவரும் விளக்குவதில்லை; விளக்கவும் வேண்டுவதில்லை.

தாயை இழந்து அவ்வில்லத்துக்கு அனுப்பப்பட்ட அவெண்டஸ் என்னும் சிறுவன் தப்பியோடி, விண்ட்ஹெல்ம் நகரிலுள்ள தன் வீட்டை அடைகின்றான். அங்கே மனித எலும்பால் ஓர் உருவமைத்து, மெழுகுதிரி ஏற்றி, கூலிக்குக் கொலைசெய்யும் ‘இருட்சகோதரர்’ கூட்டத்தை வேண்டுகின்றான். நம்மைக் கண்டதும் அக்கூட்டத்தவர் என்றே கருதி, கிறெலோட்டைக் கொல்லுமாறு இரக்கின்றான். வேலை முடிந்தால் அவன் தரும் கூலி, குடும்பத்தில் வழிவழி வந்த ஒரு தட்டு.

அவளோ நம்மை எதிர்த்து நிற்கும் வலியற்ற கிழவி. அவள் வீழ்ந்ததும் பிள்ளைகள் ஆரவாரித்து மகிழ்கின்றனர். அவளுடைய கொடுமையினும் அம்மகிழ்ச்சியே நம்மை அஞ்சுவித்தது. உடனிருந்த உதவியாளர் கொன்ஸ்ரன்ஸ் மிஷெல் அலறுகின்றாள். இவள் பிள்ளைகளிடத்து இரக்கமுடையவள். ஆயினும் கொடுமையைத் தடுத்தாளில்லை. ஆசிரியத் தொழில் புரிவோர் கிறெலோட்டைப் பார்த்து, நாம் இவளைப் போன்றோமல்லோம் என்று அமைதியுறுதல் எளிது. கொன்ஸ்ரன்ஸைப் பார்த்து அவ்வாறு கூறுதல் அத்துணை எளிதன்று.

இன்னுமொன்று. றிஃப்டன் நகருக்கு ஆட்சித் தலைவி ஒருத்தி உண்டு, கோட்டையுண்டு, காவலருண்டு. அவர்களிடம் சென்று முறையிட இவ்விளையாட்டில் வழியில்லை. கொல்லலாம், அல்லது கதவை மூடிக்கொண்டு போகலாம். ஆக்கியோர் இதனைச் சோம்பலாற் செய்தனரோ, கருதியே செய்தனரோ, ஆடுவோன் உள்ளத்தில் அது முள்ளாய்த் தைக்கின்றது.

கொன்றவன் பின்னர் உறங்குகையிற் கடத்தப்பட்டு, பாழ்ங்குடிசை ஒன்றில் விழிக்கின்றான். இருட்சகோதரர் தலைவி அஸ்ற்றிட் முன்னே அமர்ந்திருப்பாள். அவ்வுயிர் எங்கள் கூட்டத்துக்கு உரியது, நீ அதனைத் திருடினாய், ஆதலின் ஈடு தா என்பாள். முகம் மூடிக் கட்டப்பட்ட மூவர் அங்கே உளர். அவருள் ஒருத்தி பிள்ளைகளைப் பெற்ற தாய். ஒருவரையேனும் கொல்லாமல், அல்லது அஸ்ற்றிட்டையே கொல்லாமல் கதை மேலே செல்லாது. பிள்ளைகளின்பொருட்டு ஓங்கிய கை இங்கே மறுமுறையும் ஓங்க வேண்டியதாகின்றது.

ஐரோப்பிய மதிப்பீட்டின்படி இது 18 வயது நிரம்பியோர்க்கே உரியது. கீழ்வகுப்பு மாணாக்கரின் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

2012இல் ‘ஹார்த்ஃபயர்’ என்றொரு சேர்க்கை வெளியாயிற்று. அதன்படி ஆடுவோன் பிள்ளைகள் இருவரைத் தத்தெடுக்கலாம். படுக்கையும் பேழையும் உள்ள வீடொன்று வேண்டும். கிறெலோட் உயிரோடுள்ள வரையில் அவ்வில்லத்துப் பிள்ளைகளைத் தத்தெடுத்தல் இயலாது. அவள் இறந்தபின் இல்லத்தை நடத்துபவள் கொன்ஸ்ரன்ஸ். கொலைசெய்தவனே வந்து கேட்பினும் பிள்ளையைக் கொடுத்தனுப்புகின்றாள்.