கீமோ நாட்களில் சுக்கும் மஞ்சளும்

கீமோ ஆரம்பித்த வீட்டுக்கு உறவினர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பப்பாளி இலைச் சாறு, சீந்தில் பொடி, அமுக்கரா, மஞ்சள் மாத்திரை என்று ஆளுக்கொன்று வந்து சேரும். “மூலிகைதானே, கெடுதல் என்ன செய்யப்போகிறது?” என்பார்கள். கீமோவில் ஏற்றும் வின்கிறிஸ்டின், வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்ததுதான். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டமாட்டார்கள். செடிக்கு அத்தனை வீரியம் உண்டு.

நல்ல செய்தி இஞ்சியிடம் இருக்கிறது. கீமோ மருந்து உடம்பில் ஏறியதும் குடல் செல்கள் செரட்டோனினைச் சுரக்க, நரம்பு வழியே மூளைக்குச் சேதி போய் குமட்டல் கிளம்புகிறது. இஞ்சியின் காரச் சத்துகள் இந்த இடத்தில் குறுக்கிடுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் தலைமையில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில் 576 பேரின் விவரங்களை அலசினார்கள். கீமோவுக்கு 3 நாள் முன்பே தொடங்கி மொத்தம் 6 நாள் இஞ்சி மாத்திரை. தினம் அரை கிராம் அல்லது ஒரு கிராம் எடுத்தவர்களுக்கே முதல் நாள் குமட்டல் அதிகம் தணிந்தது. எல்லோரும் மருத்துவர் கொடுத்த வாந்தி மாத்திரையையும் சேர்த்தே சாப்பிட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஆமோதிக்கவுமில்லை. பிளேட்லெட் குறைந்திருப்பவர்கள் இஞ்சி மாத்திரைக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இன்னொரு ஆய்வு. மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் சாப்பிடும் மூலிகை செயின்ட் ஜான்ஸ் வொர்ட். நெதர்லாந்தில் இரினோடிகான் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்ட 5 நோயாளிகளுக்கு அதையும் கொடுத்துப் பார்த்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். புற்றைத் தாக்கும் மருந்துப் பொருள் ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்துபோயிருந்தது. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அந்த மூலிகை முடுக்கிவிட்டதே காரணம். ரத்த அணுக்கள் குறைவதும் மட்டுப்பட்டது. வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்தால் “மூலிகை வேலை செய்கிறது” என்றுதான் மகிழ்வார்கள். உள்ளே மருந்தல்லவா குறைந்திருக்கிறது!

மஞ்சள் மாத்திரையில் பிரச்சினை எதிர்த்திசையிலும் வரலாம். மஞ்சளின் சத்தான குர்குமின் உடம்பில் சேர்வதற்காக அதில் மிளகின் பைப்பரின் சேர்க்கிறார்கள். பைப்பரின் அதே நொதியை அடக்கக்கூடியது. அப்போது சில மருந்துகள் ரத்தத்தில் தேவைக்கு மேல் தங்கிவிடலாம். குழம்பில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்தப் பயம் வேண்டாம். சீந்தில், அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. கல்லீரல் பரிசோதனை சரியில்லை என்றால் அடுத்த கீமோவே தள்ளிப்போகும்.

ஆகவே சாப்பிடுகிற டப்பா, பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். சித்த மருத்துவரிடம் போனால் கீமோ மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் ஆபத்து.

பல கீமோ மருந்துகளில், ஏற்றியதிலிருந்து 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். பச்சையாக அரைத்த இலைச்சாறு அந்த நாட்களில் கிருமியையும் கொண்டுவரும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.