கலப்பினப் புல்லும் அதன் வித்தும்

நெல்லும் கோதுமையும் குரக்கனும் புற்குடும்பத்தன. மனிதர் உணவின் பெரும்பகுதி புல்லின் வித்தே. ஆதலின் இருவேறு புல்லினங்களின் நற்குணங்களை ஒரு பயிரிற் சேர்க்க அறிஞர் முயன்றமை வியப்பன்று. அம்முயற்சிக்கு வித்தினுள்ளேயே தடையுண்டு.

பூக்குந் தாவரங்களில் இரட்டைக் கருக்கட்டல் நிகழ்வதை 1898 இல் உருசிய அறிஞர் நவாசின் கண்டறிந்தார். ஆண்புணரிகள் இரண்டில் ஒன்று முட்டையோடு கூடி முளையமாகும். மற்றையது தாயின் முனைவுக்கருக்கள் இரண்டொடு கூடி, முளையத்துக்கு உணவூட்டும் வித்தகவிழையமாகும். இவ்விழையத்தில் தாய்ப்பங்கு இரண்டு, தந்தைப்பங்கு ஒன்று. பெற்றோர் வேற்றினத்தவராயின் இச்சமநிலை பெரும்பாலும் குலையும். இழையம் கெட, முளையம் பாலற்ற குழவிபோல் வாடும். அதனை உரிய காலத்திற் பிரித்தெடுத்து, ஊட்டம் நிறைந்த ஊடகத்தில் வளர்த்துக் காப்பர்.

பிழைத்த செடிக்கும் வேறொரு குறையுண்டு. பாணுக்குரிய கோதுமையின் நிறமூர்த்தங்கள் 42; றை என்னுந் தானியத்தின் நிறமூர்த்தங்கள் 14. கலப்பினத்தில் 21 உம் 7 உமாக 28 சேரும். அவை தம்முள் இணைசேராமையாற் செடி மலடாகும். 1875 இல் ஸ்கொட்லாந்தில் வில்சன் பெற்ற கலப்பினம் இத்தகையதே. 1888 இல் யேர்மனியரான இரிம்பௌ, நிறமூர்த்தங்கள் தாமே இரட்டித்த வளமுள்ள செடியைப் பெற்றார். 1937 இல் கொல்சிசீன் அவற்றை இரட்டிக்கச் செய்யுமெனத் தெளிந்தபின், தற்செயலாய் நிகழ்ந்தது மனிதர் கைவசமாயிற்று.

கோதுமை, றைக் கலப்பான திரிற்றிக்கேல் இன்று போலந்து முதலிய நாடுகளிற் பயிராகின்றது. தொடக்கத்தில் அதன் மணிகள் சுருங்கியே இருந்தன. பல்லாண்டுத் தெரிவின் பின்னரே நிரம்பின. மணஞ்செய்வித்தல் எளிது, பிறந்த சேயை ஊட்டி வளர்த்தலே அரிது.